விஜயதசமியன்று போட்ட லைப்ரரி

கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்போடு நுழையக்கூடாது என்று ஒரு காலம் இருந்தது. இயந்திரத்துக்குத் தூசி ஆகாது என்று காரணம் சொல்வார்கள். தூசியெல்லாம் சாக்கு. எதன் முன்னாலாவது வெறுங்காலோடு நிற்பது எங்களுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். கிழக்கேகோட்டையில், பஸ்கள் உறுமிக்கொண்டு திரும்பும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு அக்ரஹார வீட்டின் மாடியில் எங்கள் கம்பெனி. கீழே முதலாளி குடியிருந்தார். மாடிப்படியின் கடைசிப் படியில் ஏழு ஜோடிச் செருப்புகள் கிடக்கும். மேலே ஏழு பேர் குளிர்ந்த சிமெண்டுத் தரையில் பாதங்களை ஒன்றோடொன்று தேய்த்தபடி சாஃப்ட்வேர் எழுதுவோம். பதினோரு மணிக்குக் கீழேயிருந்து பெருங்காய வாசனை ஏறி வந்து கீபோர்டுகளின் மேல் உட்காரும். தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள் அவை. நூற்றாண்டு புரளும்போது கம்ப்யூட்டர்கள் எல்லாம் தேதி மறந்து உலகம் நின்றுவிடும் என்று ஊரே பயந்துகொண்டிருந்தது. நாங்கள் ஒரு தராசோடு பேச முயன்றுகொண்டிருந்தோம்.

தராசு மலைமேல் இருந்தது. பொன்முடிச் சாலையிலிருந்து விலகி ஏறும் ஒரு தேயிலை எஸ்டேட், பெயர் எதற்கு. பறித்த கொழுந்தைச் சாக்கில் கட்டி, பெண்கள் தலையில் சுமந்து எடைக் கொட்டகைக்குக் கொண்டுவருவார்கள். அங்கே புதிதாக ஒரு மின்னணுத் தராசு வாங்கி வைத்திருந்தார்கள். சாக்கை ஏற்றினால் அதன் முகத்தில் சிவப்பு எண்கள் எரியும். ஒரு கிளார்க் அந்த எண்ணைப் பார்த்துப் பென்சிலால் நோட்டில் எழுதுவார். பார்வை கண்ணிலிருந்து பென்சில் நுனிக்கு வந்து சேர்வதற்குள் வழியில் எங்கேயோ இரண்டு கிலோ தவறி விழுந்துவிடும். தராசு இருபத்து மூன்று என்னும், நோட்டு இருபத்தொன்று என்னும். கேட்டால் ஈரம் என்பார்கள். வெயில் நாளில் கேட்டால் சாக்கின் எடை என்பார்கள். தராசையும் கம்ப்யூட்டரையும் ஒரு கேபிளால் கட்டிவிட்டால் எண் நேராகத் திரையில் வந்து விழும், நடுவில் பென்சில் கிடையாது. அதுதான் எங்களுக்கு வந்த வேலை.

இடம் பார்க்கப் போன முதல் நாள், வரிசையில் நின்ற ஒரு பெண் என்னைக் கூர்ந்து பார்த்தார். நாற்பது வயது இருக்கும். தலையில் மடித்துப் போட்ட சாக்குத் துணி. கண்ணாடி வளையல்களுக்கு நடுவே நாலைந்து ஊக்குகளைக் கோத்து மாட்டியிருந்தார்; கை அசையும்போதெல்லாம் அவை ஒலித்தன.

"தம்பி தமிழா?"

"ஆமாக்கா. நாகர்கோவில் பக்கம்."

"இந்தப் பெட்டி எதுக்கு?"

"தராசு சொல்றதை இது எழுதிக்கும்."

"அப்படியே எழுதுமா?"

"அப்படியே எழுதும்."

"நடுவுல ஆளு?"

"ஆளே கிடையாது."

அவர் திரும்பி வரிசையைப் பார்த்துச் சொன்னார்: "கேட்டுக்கிடுங்கடி. ஆளே கிடையாதாம்." வரிசை சிரித்தது. நம்பிய சிரிப்பா நம்பாத சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. மூடுபனிக்குள் நின்று சிரிப்பவர்களின் முகம் சரியாகத் தெரிவதில்லை. ஒரு வாக்கைக் கொடுத்துவிட்டு மலையிறங்குகிறேன் என்பதும் அன்று எனக்குத் தெரியாது. இருபத்தெட்டு வயதில், புது வேலையில், மனிதன் 'அப்படியே' என்ற சொல்லை ரொம்பத் தாராளமாகப் புழங்குகிறான்.

இனி லைப்ரரி. அந்நாளில் ஒவ்வொரு கம்ப்யூட்டரின் முதுகிலும் ஒன்பது ஊசிகள் வைத்த ஒரு வாய் இருக்கும். சீரியல் போர்ட் என்று பெயர். தராசு தன் எண்ணை அதன் வழியாக எழுத்தெழுத்தாக, ஓட்டிலிருந்து மழைநீர் சொட்டுவதுபோலச் சொட்டும். கேட்டுப் பிடிக்க கம்ப்யூட்டருக்கு ஒரு காது வேண்டும். காதை நாமே செய்வதென்றால் மாதக்கணக்காகும். வெளிநாட்டில் யாரோ புண்ணியவான்கள் காதை ஆயத்தமாகச் செய்து, லைப்ரரி என்ற பெயரில் விற்றார்கள்: ஒரு சிடி, தடித்த கையேடு ஒன்று, இருபத்தைந்து எழுத்தில் ஓர் உரிம எண். கூரியரில் வந்தது. சிடியை உள்ளே தள்ளி நிறுவினால், புரோகிராம் எழுதும் கருவிப்பெட்டியின் ஓரத்தில் சின்னதாக ஒரு டெலிபோன் படம் வந்து குந்திக்கொள்ளும். அந்தப் படத்தை இழுத்து நம் திரையில் விட்டால் போதும், காது முளைத்துவிடும்.

பத்து நிமிஷத்தில் நிறுவிவிட்டேன். முதல் தடவையிலேயே வேலை செய்தது. டீலரிடம் அதே ரகத் தராசு ஒன்றை இரவல் வாங்கி மாடியில் வைத்தோம். அன்று நாங்கள் எடை போடாத பொருள் இல்லை. டிபன் பாக்ஸ், தண்ணீர்க் கூஜா, முதலாளியின் குடை, கடைசியில் லைப்ரரியின் கையேடே. ஒவ்வொரு முறையும் தராசில் எரிந்த எண் திரையிலும் எரிந்தது. குழந்தைகளைப்போலக் கைதட்டினோம். முதலாளி மட்டும் தட்டவில்லை. அரசாங்க ஆபீசில் முப்பது வருஷம் கோப்பு பார்த்துவிட்டு வந்தவர். ஒரு காரியம் பத்து நிமிஷத்தில் முடிந்தால் அதில் ஏதோ முறைகேடு இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறவர்.

"நாளைக்கு அஷ்டமி, கேட்டியா. சாயங்காலம் பூஜைவைப்பு. ஆயுதமெல்லாம் கீழே வந்துடணும்," என்றார்.

"எதெல்லாம் சார் ஆயுதம்?"

"நீ எதை வச்சுப் பிழைக்கறயோ அதாக்கும் ஆயுதம்."

இந்த மலையாள ஊரில் அஷ்டமி மாலையில் புத்தகங்களையும் கருவிகளையும் சரஸ்வதிக்கு முன்னால் வைத்தால், தசமி காலைவரை யாரும் எழுதக்கூடாது, படிக்கக்கூடாது. அந்த இரண்டு நாளும் ஊர் முழுக்க மாணவர்கள் அடைகிற பரமானந்தத்தை எந்தப் பாடப்புத்தகமும் பின்னால் கொடுத்ததில்லை. கீபோர்டுகள், மவுஸ்கள், சிடி, கையேடு, கேபிள் எல்லாம் கீழே இறங்கின. இரவல் தராசு டீலரிடம் திரும்பிப் போயிற்று. மானிட்டர்களை இறக்க முடியாததால் அவற்றுக்கு மாடியிலேயே பொட்டு. சந்தனத்தை முதலாளியே அரைத்தார், முதலாளியே வைத்தார். மவுஸுக்கு நெற்றி எது என்பதில் சற்று நேரம் தயங்கி, வால் புறப்படுகிற இடம் என்று தீர்ப்புச் சொன்னார். சிடிக்குப் பளபளக்கிற பக்கமா பெயர் போட்ட பக்கமா என்று என்னைக் கேட்டார். பெயர் போட்ட பக்கம் என்று கெஞ்சிக் காப்பாற்றினேன். கேபிளுக்கு இரண்டு முனை. வாய் இருக்கிற பக்கம்தான் முகம் என்றார். மோதிரவிரலால் வழித்து அந்த வாயிலேயே ஒரு பொட்டு வைத்தார். குத்துவிளக்கு வெளிச்சத்தில் அது அழகாகக்கூட இருந்தது.

விஜயதசமி காலையில் தெருவெங்கும் குழந்தைகளின் அழுகை. ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒரு பெரியவர் ஏதோ ஒரு குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் ஹரிஸ்ரீ எழுதவைத்துக்கொண்டிருந்தார். முதலாளி பட்டு வேட்டியோடு மாடியேறி வந்தார்.

"அந்த லைப்ரரியை எடுத்துடு."

"எங்க சார் எடுக்கணும்?"

"கம்ப்யூட்டர்லேர்ந்து. அழிச்சுடு. அன்னிக்கு நீ ராகுகாலத்துலன்னா போட்டிருக்கே. நான் அப்பறமாக்கும் பஞ்சாங்கம் பார்த்தேன்."

"அது நல்லா ஓடுதே சார்."

"ஓடறதுக்கென்ன. எல்லாந்தான் ஓடறது. இன்னிக்குப் புதுசாப் போட்டாத் தங்கும். இன்னிக்கு ஆரம்பிச்ச வித்தை போகாது, கேட்டியா."

நான் மறுத்திருக்கலாம். என் புரொபேஷன் முடிய இரண்டு வாரம் இருந்தது, அதனால் மறுக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த ஒன்றை, ஓடிக்கொண்டிருந்த குற்றத்துக்காக, என் கையாலேயே அழித்தேன். டெலிபோன் படம் கருவிப்பெட்டியிலிருந்து சத்தமில்லாமல் எழுந்து போயிற்று. பிறகு சிடியை வைத்தேன். உரிம எண் கேட்டபோது முதலாளி என்னை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சுட்டுவிரலை நீட்டி, கீபோர்டு அரிசி பரப்பிய தாம்பாளமே என்பதுபோல, எழுத்தெழுத்தாக அழுத்தினார். இரண்டு முறை தவறு என்றது. மூன்றாம் முறை ஏற்றுக்கொண்டது. திரும்பி என்னைப் பார்த்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. வெளிநாட்டில் அந்த எண்ணை உருவாக்கிய இயந்திரத்துக்குத் தன் வாழ்நாளில் இவ்வளவு பக்தி கிடைத்திருக்காது.

சரிபார்க்கத் தராசு இல்லை. மறுநாள் காலையில் ஜீப்பில் ஏறினோம்.

கொண்டை ஊசி வளைவுகளில் நான் மானிட்டரை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்திருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அது என் வயிற்றில் முட்டியது. முதலாளி முன்சீட்டில் கேபிளை மடியில் சுருட்டி வைத்திருந்தார். கொட்டகையில் மானேஜர் காத்திருந்தார், கிளார்க் காத்திருந்தார், வரிசை காத்திருந்தது. முதல் சாக்கு வளையல் ஊக்கு அக்காவுடையது. ஏற்றினார். தராசில் இருபத்து மூன்று புள்ளி நான்கு. திரையில் பூஜ்யம்.

கேபிளைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். பூஜ்யம். கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினேன். பூஜ்யம், முட்டைபோல, அசையாமல்.

"லைப்ரரி சரியா ஏறலை," என்றார் முதலாளி.

எனக்கும் அதுதான் தோன்றியது. வேறு எதைச் சந்தேகிப்பது? முன்பு போட்டது வேலை செய்தது, இப்போது போட்டது செய்யவில்லை. அழித்துவிட்டு நிறுவினேன். உரிம எண்ணை முதலாளியே அழுத்தினார். பூஜ்யம். மேஜையைக் கிழக்குப் பார்க்கத் திருப்பச் சொன்னார். திருப்பிவிட்டு நிறுவினேன். பூஜ்யம். நான்காம் முறை நிறுவும்போது மானேஜர் பக்கத்தில் வந்து நின்றார்.

"எந்தா சாரே, இதுக்கு செவி கேக்காதோ?"

"இப்போ சரியாகும்."

"இப்போன்னு ஒரு மணிக்கூராச்சு."

மூலையில் கிளார்க் பென்சில் சீவத் தொடங்கினார். அவசரமில்லாமல், சுருள் அறுந்துவிடாதபடி சீவினார். அவ்வளவு நிம்மதியான ஒரு முகத்தை அதற்குப் பிறகு நான் எங்கும் பார்த்ததில்லை.

அக்காவின் சாக்கு இன்னும் தராசிலேயே இருந்தது. "கொழுந்து காயுது தம்பி," என்றார். "இனிமே ஈரம்னு சொல்லக்கூட முடியாது." வரிசை சிரித்தது. இந்த முறை எந்த வகைச் சிரிப்பு என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

கேபிளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். செய்ய ஒன்றும் இல்லாதவன் எதையாவது கையில் பிடித்துக்கொண்டு நிற்பானே, அப்படி.

"அதுக்கு எதுக்குப் பொட்டு வச்சிருக்கு?" என்றார் அக்கா.

"பூஜைக்கா."

"வாயிலயேவா வைப்பாங்க? சாமிக்குக்கூட நெத்தியிலதான வைக்காங்க."

குனிந்து பார்த்தேன். கம்ப்யூட்டரின் ஒன்பது ஊசிகளுக்கு ஒன்பது துளைகள். எட்டில் இருட்டு. ஒன்றில் மஞ்சளாக, கல்லாகக் காய்ந்து, சந்தனம். இரண்டாம் துளை. தராசு சொல்வது கம்ப்யூட்டருக்குள் நுழைவது அந்தத் துளை வழியாகத்தான். முதலாளியின் மோதிரவிரல் ஒன்பதில் மிகச் சரியாக அதைத் தேடிப் போய்க் காதில் பஞ்சு வைத்திருந்தது. ஒரு பாவமும் அறியாத லைப்ரரியைத்தான் நாங்கள் இத்தனை முறை கொன்று கொன்று பிறப்பித்திருக்கிறோம்.

அக்கா வளையலிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றி நீட்டினார். நான் குத்திக் குத்தி எடுத்தேன். தேயிலைப் புழுக்க வாடைக்கு நடுவே சந்தனம் மணத்தது. முதலாளி ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில் மலை மிக முக்கியமாகிவிட்டது அவருக்கு. கேபிளைச் சொருகினேன்.

இருபத்து மூன்று புள்ளி நான்கு.

அக்கா தராசைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி தராசைப் பார்த்தார். "அப்படியே இருக்குடி," என்றார் பின்னால் நின்றவர்களிடம். வரிசை நகர்ந்தது. சாக்கு, எண், எண். சாக்கு, எண், எண். தராசு சொன்னதைத் திரை ஒரு துளி குறைக்காமல் திருப்பிச் சொன்ன அந்த அரைமணி நேரத்தை நான் எழுதிய எந்தக் கவிதைக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். என் கவிதைகளின் தரம் அப்படி என்றும் வைத்துக்கொள்ளலாம்.

மானேஜர் முதலாளியைத் தேநீர் குடிக்க அழைத்துப் போனார். திரும்பி வந்த முதலாளி என் தோளில் கை வைத்தார். தோளில் கை வைக்கிறவர் இல்லை அவர்.

"ஒரு சின்ன வரி சேர்க்கணுமாம்."

"என்ன வரி சார்?"

"சாக்குக்கு ரெண்டு கிலோ கழிக்கணும். ஈரம், அது இதுன்னு."

"அதுக்குக் கிளார்க்கே போதுமே சார். அவருதான் கழிச்சுக்கிட்டு இருந்தாரே."

"அவர் கழிச்சாச் சண்டை வரதாம். கம்ப்யூட்டர் கழிச்சா யாரும் கேக்க மாட்டான்னு மானேஜர் சொல்றார். அதுக்காகத்தான் இதை வாங்கினதே."

அதுக்காகத்தான் இதை வாங்கினதே. மூன்று மாதமாக வெறுங்காலோடு மாடியில் உட்கார்ந்து நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதை ஒருவர் ஒரே வாக்கியத்தில் விளக்கிவிட்டார். காதைக் கடல் தாண்டி வரவழைத்து, முகூர்த்தம் பார்த்து நிறுவி, ஊக்கால் குடைந்து திறந்துவிட்டது, அது கேட்டதை மாற்றிச் சொல்வதற்காக.

லைப்ரரி யோக்கியமானது. தராசு கொடுத்த எண்ணை அப்படியே என் கையில் கொடுத்தது. அதற்கு அடுத்த வரியை எழுதியது நான். எண்ணிலிருந்து இரண்டைக் கழி. ஒரே வரி. நிறுவுவதற்குக் கிழக்கு மேற்கு பார்த்தோமே, இதை எழுத எந்தத் திசையும் யாரும் பார்க்கவில்லை. ராகுகாலமா என்றும் யாரும் கேட்கவில்லை.

மாலை எடைக்கு அக்கா மறுபடி வந்தார். தராசில் பத்தொன்பது புள்ளி ஆறு. திரையில் பதினேழு புள்ளி ஆறு. அவர் சிவப்பு எண்ணைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு அவசரமே இல்லாமல் என்னைப் பார்த்தார்.

"ஆளே கிடையாதுன்னீங்களே தம்பி."

"அது வந்து... ஒரு செட்டிங் அக்கா."

"ஓ. அந்த ஆளுக்குப் பேரு செட்டிங்கா."

நான் கீபோர்டில் ஏதோ தேடினேன்.

"ஊக்கைக் கொடுங்க," என்றார். "அதையும் கழிச்சிராதீங்க."

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நுனியில் ஒட்டியிருந்த சந்தனத்தை முந்தானையில் துடைத்துவிட்டு வளையலில் மாட்டிக்கொண்டு போனார்.

ஜீப் இறங்கும்போது முதலாளி உற்சாகமாக இருந்தார். "பார்த்தியா, தசமிக்குப் போட்டது. தங்கிடுத்து," என்றார். சந்தனத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இரண்டு வாரம் கழித்து என் வேலை நிரந்தரமாயிற்று. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான், பொய் சொல்லுவானேன்.

அடுத்த வருஷம் அஷ்டமி நெருங்கியபோது முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. மலையில் கம்ப்யூட்டர் ஒரு வருஷமாகத் தகராறில்லாமல் ஓடுகிறதே, பூஜையின் பலன் அல்லவா. ஆகவே அந்தக் கேபிளும் பூஜைக்கு வரவேண்டும். எஸ்டேட்டுக்குப் பூஜை விடுமுறை; பராமரிப்பு என்று எழுதி வாங்கி, நானே போய்க் கழற்றி வந்தேன். குத்துவிளக்கு எரிந்தது. முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தார். என் முறை வந்ததும் கேபிளை இரண்டு கையாலும் ஏந்தி, வாயை அவர் பக்கம் திருப்பி, அவருடைய மோதிரவிரலுக்கு நேராக இரண்டாம் துளையைக் காட்டினேன். "இங்கே சார்," என்றேன். என் பக்தியைக் கண்டு அவருக்கே வியப்பு.

தசமி கழிந்ததும் எஸ்டேட் ஜீப் டிரைவரிடம் கேபிளைக் கொடுத்தனுப்பினேன். அன்று மத்தியானமே மானேஜரின் போன்: செவி கேட்கவில்லை. லைப்ரரி இளகியிருக்கும், நம் மாடியில் ஒருமுறை புதிதாக நிறுவிப் பார்த்துவிட்டுத்தான் வரமுடியும் என்று முதலாளியிடம் மிகக் கவலையோடு சொன்னேன். லைப்ரரி என்றால் எதையும் நம்புகிற நிலைக்கு அவரை நாங்கள் கொண்டுவந்திருந்தோம். மூன்று நாள் நிறுவினேன். அந்த மூன்று நாளும் மலையில் பென்சில் திரும்ப வந்தது, பென்சிலோடு சண்டையும் வந்தது. தராசு காட்டுகிற எண்ணைக் கிளார்க் உரக்கப் படித்து, எல்லோர் காதிலும் விழுந்த பிறகுதான் எழுதவேண்டும் என்று பெண்கள் சாக்கை இறக்காமல் நின்றார்களாம். அவரும் படித்தாராம், எழுதினாராம், அப்படியே. டிரைவர் சொன்னது.

நான்காம் நாள் மானேஜர் முதலாளியிடம் குரலை உயர்த்தினார். என் வீரத்தின் மொத்த நீளம் மூன்று நாள். மலையேறிப் போனேன், ஊசியை இந்த முறை நானே கொண்டுபோயிருந்தேன். கொட்டகையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து துளையைக் குடைந்தேன். சந்தன மணம் போயும் போயும் எல்லோர் மூக்கையும் தேடிப் போயிற்று. பின்னால் வளையல்களோடு ஊக்குகள் ஒலிப்பது கேட்டது. நான் திரும்பவில்லை. அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

பிறகு, என் காதுக்கு மட்டும் எட்டும்படி சொன்னார்:

"இன்னும் கொஞ்சம் கூடுதலா வச்சிருக்கலாம் தம்பி."